கடலூரில் வாடகை வீடு, சுவரெல்லாம் பூசணம், பையனுக்கு இருமல் விடவே மாட்டேன் என்கிறது

பெண்ணையாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் குண்டு உப்பலவாடிப் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், ஆறு வயதுப் பையன், மாமியார். 2024 ஆவணியில் குடிவந்தோம். மூன்று மாதம்தான் ஆகியிருக்கும், நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது, அதற்கு அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு நாள் நின்றுதான் வடிந்தது.

வடிந்ததும் தரை, சுவர் எல்லாம் கழுவிவிட்டோம். காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். தை மாதம் ஒரு நாள் படுக்கையறை பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் எள்ளை அள்ளி இறைத்த மாதிரி கருப்புப் புள்ளி, தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரைக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னோம். நல்ல மனிதர்தான், சித்திரையில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். ஐப்பசி மழை ஆரம்பித்துப் பத்து நாளில் அதே இடத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது, கார்த்திகையில் திரும்பவும் புள்ளி. இந்த முறை கட்டில் தலைமாட்டுச் சுவரிலும் வந்திருக்கிறது, அது கீழே இல்லை, ஜன்னல் உயரத்தில். பீரோவின் அடித்தட்டில் இருந்த என் கூறைப்புடவையை எடுத்துப் பார்த்தேன், மடிப்பு மடிப்பாகச் சாம்பல் பூத்திருந்தது, தொட்டால் விரலில் மாவு போல ஒட்டியது. அந்த மக்கின வாடை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

புடவை போகட்டும். பையன்தான் கவலை. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு இருமல் தொடங்கினால் உட்கார்ந்தபடியே விடிகிறது. நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது. மார்கழியில் மட்டும் மூன்று தடவை நெபுலைசர் வைக்க ஓடினோம். ஒவ்வொரு தடவையும் “சளி, பனிக்காலம்” என்று சிரப் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். பொங்கலுக்கு விருத்தாசலத்தில் என் அம்மா வீட்டில் ஒன்பது நாள் இருந்தான், ஒரு ராத்திரிகூட இருமவில்லை. அங்கேயும் பனிதான். திரும்பி வந்த மூன்றாம் நாள் ராத்திரி பழையபடி ஆரம்பித்துவிட்டது.

இந்தச் சுவருக்கும் அந்த இருமலுக்கும் சம்பந்தம் உண்டா, நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா? மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, பக்கத்து வீட்டில் “கருப்புப் பூஞ்சை அவங்க கண்ணுக்கு ஏறிடும்” என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். அவர் பயத்தில் தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுகிறார். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் போகுமா, வேறு பெயிண்ட் இருக்கிறதா, வீட்டையே மாற்றுவதுதான் வழியா? கணவருக்கு சிப்காட்டில் வேலை, உடனே மாற்ற அட்வான்ஸ் பணம் கையில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை அம்மா:

முதல் வேலையாக இன்றைக்கே பையன் படுக்கையை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹாலில் போடுங்கள், சமையலறை வாசலில் போட்டாலும் பரவாயில்லை. சுவரைச் சரிசெய்வதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் கற்பனை செய்யவில்லை. ஊருக்குப் போனால் நிற்கிறது, வந்தால் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் என் பெண்ணுக்கு இதேதான் நடந்தது, அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

எங்களுக்கு 2011 டிசம்பர் 30 தானே புயலில் மாடித் தளம் விரிந்து கசிவு தொடங்கியது. பரண் முழுக்கப் பூசணம். நான் செய்த பெரிய தப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்னந்துடைப்பத்தை எடுத்துக் காய்ந்த சுவரை வரட்டு வரட்டென்று தேய்த்ததுதான். பெண் பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள், தூசி புகை மாதிரி எழும்பியது. அன்று ராத்திரி அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடினோம். கண்ணுக்குத் தெரிகிற புள்ளியைவிட அதிலிருந்து பறக்கிற தூள்தான் மூச்சைப் பிடிக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. அதனால் காய்ந்த துடைப்பத்தால் மட்டும் தொடாதீர்கள்.

எங்களுக்கு உதவியது ஒரு பழைய டைரி. ராத்திரி எத்தனை மணிக்கு இருமல், எந்த அறையில் படுத்தாள், அன்று மழையா, வேறு வீட்டில் இருந்தாளா, இவ்வளவுதான் எழுதினேன். ஐந்து வாரம் எழுதிக் குழந்தை மருத்துவரிடம் நீட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதல் தடவையாக வீட்டைப் பற்றிக் கேள்வி கேட்டார். நாம் வாயால் “அடிக்கடி இருமுகிறாள்” என்று சொல்வதற்கும் தேதி போட்டுக் காட்டுவதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

சாம்பிராணியை நிறுத்தச் சொல்லுங்கள். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் நல்லது என்று நினைத்துத்தான் போடுகிறார். கதவைச் சாத்தி அந்தப் புகைக்குள் இழுக்கிற நெஞ்சுக்காரப் பிள்ளையை வைக்கவே கூடாது. கொசுவத்திச் சுருளும் அப்படியே, கொசுவலை கட்டுங்கள். வெள்ளத்தில் நனைந்த பஞ்சு மெத்தை, தலையணை, துணிப் பொம்மை இருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிப்போடுங்கள், வெயிலில் போட்டாலும் உள்ளே போன பூசணம் முழுசாகப் போகாது. மழைநாளில் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயவைக்காதீர்கள். வேறு இடமே இல்லையென்றால் ஹாலில் ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கூறைப்புடவையைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். மாடியில் நிழலில் விரித்து, மூக்கை மூடிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தட்டிவிட்டு டிரைகிளீனிங்குக்குக் கொடுங்கள். என் அம்மாவின் பட்டு ஒன்று அப்படித்தான் பிழைத்தது.

கொத்தனார் மகன், நெல்லிக்குப்பம்:

அக்கா, நான் பத்து வருடமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன், அப்பாவும் கொத்தனார். சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பூசணத்துக்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். பெயிண்ட், தூசி, பட்டி, மரம், துணி எதை வைத்தும் அது சாப்பிட்டுக்கொள்ளும். சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பிடித்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் மேலே என்ன அடித்தாலும் திரும்ப வரும். “பூஞ்சை பிடிக்காத பெயிண்ட்” என்று டப்பாவில் எழுதியிருப்பதும் காய்ந்த சுவருக்குத்தான் பொருந்தும்.

உங்கள் வீட்டில் இரண்டு வேறு வேறு வியாதி இருக்கிறது என்று தோன்றுகிறது. பீரோவுக்குப் பின்னால் தரையிலிருந்து இடுப்பு உயரம் வந்தது வெள்ளத்து ஓதம், அதாவது சுவருக்குள் ஊறி ஏறிய ஈரம். முழங்கால் வரை தண்ணீர் நின்றால் செங்கல் அதை விளக்குத் திரி மாதிரி இன்னும் ஒன்றரை அடி மேலே இழுத்துவிடும். சுவர் காய்வதற்கு ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்பது மாதம். டிசம்பரில் நனைந்த சுவருக்கு உங்கள் வீட்டுக்காரர் சித்திரையில், அதாவது நாலரை மாதத்தில், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார். உள்ளே இருந்த ஈரத்துக்கு வெளியே வர வழியில்லாமல் போயிற்று. அப்பளம் மாதிரி உப்பியது அதனால்தான். அவர் மேல் தப்பில்லை, ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்ததும் சேர்ந்துகொண்டது, அந்த இடுக்கில் காற்றே போகாது. இனி எந்த வீட்டிலும் அரை அடி இடைவெளி விடுங்கள்.

தலைமாட்டில் ஜன்னல் உயரத்தில் வந்திருப்பது வேறு கதை. தரை ஓதம் அவ்வளவு உயரம் ஏறாது, மூன்று, நான்கு அடியோடு நின்றுவிடும். மேலே குடித்தனம் இருக்கிறதா? அந்தச் சுவருக்கு நேர் மேலே குளியலறையோ பாத்திரம் தேய்க்கிற இடமோ இருக்கிறதா? இல்லையென்றால் வெளிப்பக்கம் போய் ஜன்னல் சன்ஷேடும் சுவரும் சேருகிற இடத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். மழை பெய்த மறுநாள் புள்ளி கூடினால் வெளியிலிருந்து வருகிறது. மழையே இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் குழாய்.

ஒரு சோதனை செய்யுங்கள், செலவே இல்லை. சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளை ஒரு முழம் வெட்டி, சுவரின் மேல்ஈரத்தைத் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தால் சுவர் உள்ளிருந்து கசிகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், சமையல் ஆவி, துணி காயவைப்பது, ஏசி குளிர் இப்படி ஏதாவது. இரண்டு இடத்திலும் தனித்தனியாக ஒட்டுங்கள்.

இன்னொன்று, நம் கடலோரத்தில் வெள்ளையாகப் பூப்பதெல்லாம் பூசணம் இல்லை, உப்பாக இருக்கும். உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டின வீடு இங்கே நிறைய. தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கரைந்து மறைந்தால் உப்பு, அப்படியே நின்றால் பூசணம். உப்பு இருக்கிற சுவர் மழையே இல்லாமல் நனையும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் சமையலறை ஜாடியில் கல்லுப்பு கசிகிறதல்லவா, அதே வேலையைச் சுவர் செய்கிறது.

சரியான வைத்தியம் என்றால், முதலில் கசிவை அடைக்க வேண்டும். அப்புறம் ஓதம் ஏறிய அடையாளத்துக்கு மேலே ஒரு அடி சேர்த்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரிய கோடை முழுக்கச் சும்மா விட வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பூக்கிற உப்பை அவ்வப்போது பிரஷ்ஷால் தட்டி அள்ளிவிடலாம், தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. பிறகு புதுப்பூச்சு. உள்சுவருக்கு பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், அதன் காரத்தில் பூசணம் சுலபத்தில் பிடிக்காது. பாண்டிச்சேரியில் நூறு வருடத்துச் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசிக் கெடுத்துவிட்டு “பழைய வீடு, ஓதம் அடிக்குது” என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தச் சுவர் மூச்சுவிடக் கட்டினது, சிமெண்ட் போட்டு வாயைப் பொத்தியது நாம்தான்.

தெருவையும் பாருங்கள். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலே போட்டு உயர்த்திவிடுகிறார்கள், வீடு பள்ளமாகிவிடுகிறது. வெளிமண் உங்கள் அஸ்திவாரப் பட்டைக்கு மேலே ஏறியிருந்தால் அங்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை விலக்காமல் எதுவும் நிற்காது.

கோரிமேட்டுச் செவிலி:

இருபது வருடத்துக்கு மேல் பாண்டிச்சேரியில் செவிலியாக இருக்கிறேன், நெஞ்சுநோய்ப் பிரிவில் பல வருடம். பிள்ளையைப் பார்க்காமல் நோய் இதுதான் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லலாம்.

வீட்டு ஈரமும் பூஞ்சையும் மூச்சுக்கோளாறோடு சேர்ந்து வருகின்றன என்பது நிலைபெற்ற விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஈரமான, பூஞ்சை பிடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், வீசிங், ஆஸ்துமா, மூச்சுப்பாதைத் தொற்று கூடுதலாக வருகிறது என்று அதில் இருக்கிறது. காற்றில் இத்தனை துகள் வரை பரவாயில்லை என்று அளவு எதுவும் அவர்கள் வைக்கவில்லை, ஈரத்தையும் பூஞ்சையையும் நீக்குங்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே எந்த வகைப் பூஞ்சை என்று பரிசோதிக்க யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கருப்பாக இருந்தால் விஷம், பச்சையாக இருந்தால் சாது என்று நிறத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. வீடுகளில் அதிகம் வருவது கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ். எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

பையனுக்கு நீங்கள் சொல்லும் அடையாளம், பின்னிரவில் இருமல், விசில் சத்தம், இடம் மாறினால் நிற்பது, இது ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டிய அடையாளம். சிரப்பை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை. குழந்தை மருத்துவரிடம் “ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வீட்டில் பூஞ்சை இருக்கிறது” என்று நேராகச் சொல்லுங்கள். ஆறு வயதுக்கு ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்ய முடியும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் ஸ்பேசர், அதாவது இன்ஹேலரில் மாட்டுகிற பிளாஸ்டிக் குழல், வைத்துக் கொடுங்கள், “பழகிடும்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது பழக்கமாகிற மருந்து இல்லை. தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை இருமல் நின்றதும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். விலா எலும்புக்கு இடையில் சதை உள்ளே இழுத்தால், ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினால், உதடு நீலமானால் காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பூஞ்சை மட்டும்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். ஈரவீட்டில் மெத்தைத் தூசியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளும் பெருகும், கரப்பானும் வரும், இவையும் இழுப்பைத் தூண்டும். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு காய்ச்சலோ எடை குறைவதோ இருந்தால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று பார்த்துவிட வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம்.

மாமியார் விஷயம். 2021-இல் கொரோனா சமயத்தில் எல்லோரும் பயந்த “கருப்புப் பூஞ்சை” மியூகோர்மைகோசிஸ். உங்கள் சுவரில் இருக்கும் கருப்புப் புள்ளியும் அதுவும் ஒன்றில்லை. அந்த நோயில் தசை அழுகிக் கருப்பாவதால் அந்தப் பெயர் வந்தது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அன்று பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தவர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள். அம்மாவுக்குப் பெரிய பாதுகாப்பு சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான். ஒரு பக்க முகவலி, கண் வீக்கம், மூக்கில் கருப்பாக ஒழுகுவது இருந்தால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் அவரும் அந்த அறையில் படுக்காமல் இருப்பது நல்லது.

சமையலறையையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். ஓதமான வீட்டில் மணிலாக் கொட்டை (வேர்க்கடலை), வரமிளகாய், தேங்காய்ப் பருப்பு சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பூத்த கொட்டையைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை வறுத்துச் சாப்பிடுகிறோம், அது தப்பு. அதில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

வில்லியனூர்க்காரன்:

பிளீச்சிங் பவுடர் பற்றி யாரும் சொல்லவில்லையே. நாங்கள் வருடா வருடம் அதைத்தான் அடிக்கிறோம், பளிச்சென்று வெள்ளையாகிவிடுகிறது.

கோரிமேட்டுச் செவிலி:

தம்பி, நிறம்தான் போகிறது. பூச்சுக்கு உள்ளே போன வேர் அப்படியே இருக்கும், அதனால்தான் வருடா வருடம் அடிக்கிறீர்கள். செத்த பூஞ்சைத் தூளும் இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, ஆகவே கொல்வதைவிட நீக்குவதுதான் முக்கியம். டைல்ஸ், கண்ணாடி, இரும்பு பீரோ இவற்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப்போட்டு, காயவிட்டால் போதும். சுவரில் மூன்றடிக்கு மூன்றடி அளவுதான் என்றால் நாமே செய்யலாம், அதைவிடப் பெரிதென்றால் ஆள் வைத்துச் செய்யுங்கள். என்95 மாஸ்க், கையுறை, ஜன்னல் திறந்து, அறைக்கதவு சாத்தி, முதலில் நனைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். இழுப்பு உள்ளவர் வீட்டிலேயே இருக்கக் கூடாது. பிளீச்சிங்கோடு கழிவறை ஆசிட்டை எந்தக் காலத்திலும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். நல்லா வெளுக்கும் என்று இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிவிட்டு மூச்சு முட்டி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

மஞ்சக்குப்பம் வக்கீல் குமாஸ்தா:

வாடகை விஷயம் மட்டும். தமிழ்நாட்டில் 2017-இல் வந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை கட்டட அமைப்புப் பழுது, வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணையில் இருக்கிறது. குழாய் வாஷர், அடைப்பு எடுப்பது போன்ற சின்ன வேலைதான் குடியிருப்பவருக்கு. வில்லியனூர், முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு இது பொருந்தாது, புதுச்சேரிக்குத் தனிச் சட்டம். ஆனால் நல்ல மனிதர் என்கிறீர்கள், சட்டத்தைக் காட்டிப் பேச்சைத் தொடங்காதீர்கள். தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, “சார், பையனுக்கு மூச்சு விட முடியவில்லை, வந்து ஒரு தடவை பாருங்கள்” என்று எழுதுங்கள். எழுத்தில் இருப்பது பின்னால் உதவும்.

பெண்ணையாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். அன்று ராத்திரியே பையன் பாயை ஹாலுக்கு மாற்றினோம். டைரி எழுதினேன். முதல் வாரம் நான்கு ராத்திரி இருமல், இரண்டாம் வாரம் இரண்டு, அப்புறம் மூன்று வாரத்தில் ஒரே ஒரு ராத்திரி, அதுவும் தெருவில் குப்பை கொளுத்திய நாள். வேறு குழந்தை மருத்துவரிடம் போனோம். டைரியைப் படித்துவிட்டு ஊதச் சொல்லிப் பார்த்தார், ஆஸ்துமாதான் என்று சொல்லி இன்ஹேலரும் ஸ்பேசரும் கொடுத்திருக்கிறார். கேட்டதும் அழுதுவிட்டேன். ஆனால் என்ன என்று தெரியாமல் ராத்திரியெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைவிட இது மேல்.

அலுமினியத் தாளை இரண்டு இடத்திலும் ஒட்டினோம். பீரோ பக்கம் உள்ளே லேசாக வேர்த்திருந்தது. தலைமாட்டுப் பக்கம் பிரித்தபோது தண்ணீர் வழிந்து மெத்தை மேல் சொட்டியது, அதுவும் மழையே இல்லாத மாசி மாதத்தில். அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். மறுநாளே வந்து தாளைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மாடிக்கு ஏறினார். மேல் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குக் கீழே சுவருக்குள் போகிற குழாய் இணைப்பில் விரிசல், எத்தனை நாளாகக் கசிந்ததோ தெரியவில்லை. பிளம்பரை வைத்து அன்றே மாற்றிவிட்டார். பெயிண்டுக்கு வீணாகச் செலவு செய்தேன் என்று அவருக்கும் வருத்தம்தான்.

பங்குனியில் பூச்சைக் கொத்திவிட்டு ஆடி வரை அப்படியே விடுகிறோம், அதுவரை அந்த அறைக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னார். அட்டையில் ‘சாம்பிராணி வேண்டாம் ஆயா’ என்று எழுதிப் பையன் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறான். மாமியார் இப்போது விளக்கு மட்டும் ஏற்றுகிறார்.

ஒரே ஒரு சந்தேகம். கொத்துகிற அன்று நாங்கள் வீட்டில் இருக்கலாமா?

கொத்தனார் மகன், நெல்லிக்குப்பம்:

பையன் வேண்டாம் அக்கா. கொத்துகிற இரண்டு நாளும், கூட்டிக் கழுவுகிற மறுநாளும் சேர்த்து விருத்தாசலம் அனுப்பிவிடுங்கள். ஆட்களிடம் முதல் நாள் சாயங்காலமே சுவரில் தண்ணீர் தெளித்து வைக்கச் சொல்லுங்கள், தூள் பறக்காது. அறைக்கதவுக்கு தார்ப்பாய் கட்டி, உடைத்த பூச்சை அன்றன்றே சாக்கில் கட்டி வெளியே எடுத்துவிட வேண்டும், ஹாலில் குவிக்க விடாதீர்கள். தார்ப்பாய் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, தேதி சொல்லுங்கள், கடலூர் வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.